கழட்டின ஸ்க்ரூ

கொஞ்ச வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு — கால் முறிந்து படுத்திருந்தேன். பரவை மார்க்கெட்டில் பின்பக்கமாக வந்த மினி வேன் தள்ளிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். மண்டியில் காய்கறி ஏலம் கூறுகிறவள். நின்றுதான் கூற வேண்டும். உட்கார்ந்துகொண்டு விலை சொன்னால் எவன் மதிப்பான்? ஆகவே எனக்கு இருந்தது ஒரே கவலை... இந்தக் கால் பழையபடி ஊன்றி நிற்குமா?

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு பி.ஜி. டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, எலும்பு ஆபரேஷனுக்கு மேல்படிப்பு படிக்கிறவர். உசிலம்பட்டிக்காரர். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன கண்கள். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும்... அதற்கு என் கால்தானா கிடைத்தது? நர்ஸம்மாவிடம் கேட்டே விட்டேன். பெரிய டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், பயப்படாதீங்க என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த டாக்டர் தம்பி வந்து என் இடது காலைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் சில்லை நேராக மேலே பார்க்க வைத்துவிட்டு, பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து குனிந்து பார்க்கிறார்.

“ஏய்யா, ஒடஞ்சது அந்தக் காலு. இது நல்ல காலு.”

“தெரியும்மா. நல்ல காலு எப்பிடி நிக்கிதுன்னு பாத்தாத்தான ஒடஞ்சதை அதே மாதிரி நிக்க வைக்க முடியும்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. நான்தான் நம்பவில்லை. அவர் போனதும் மகனைக் கூப்பிட்டு, உடைந்த காலில் மார்க்கரால் போட்ட அம்புக்குறி அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவன் சிரித்தான். சிரிக்க மாட்டானா, அவன் காலா அது?

மறுநாள் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. காது மரக்கவில்லையே! நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் கேட்கும். டிரில் மெஷின். சுத்தியல். என் எலும்புக்குள் கம்பி இறங்குகிற சத்தத்தை நானே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நீயே போடு” என்றார் பெரிய டாக்டர்.

அதன்பிறகு அவர் கேள்வி கேட்பார், தம்பி ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார். பாதி இங்கிலீஷ். எனக்கு அது வராது. ஆனால் குரலை வைத்தே இவன் சரக்கை எடுப்பானா, நழுவுவானா என்று சொல்லிவிடுகிறவள் நான். இந்தக் குரல் நழுவவில்லை. நடுங்கியது, அவ்வளவுதான்.

கம்பியை எலும்போடு பிணைக்கிற கடைசி ஸ்க்ரூவும் ஏறியது.

“நல்லாருக்கு. முதல் தடவை போடுற கை மாதிரியே இல்ல” என்றார் பெரியவர்.

முதல் தடவையா? எனக்கு உச்சந்தலையில் வியர்த்தது. போகட்டும்... முடிந்ததே!

காலை நீட்டிவைக்கிறார்கள் போலிருக்கிறது. என் தலைமாட்டில் இருந்த மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

“சார்... பாதம் உள்ள திரும்பியிருக்கு.”

பெரியவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

“கொஞ்சம்தான?”

“இவங்களுக்கு நல்ல காலு வெளிய சாஞ்சு நிக்கிது சார், நேத்துப் பாத்தேன். கீழ் ஸ்க்ரூவைக் கழட்டி, திருப்பி வச்சுப் போடணும்.”

“போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“நல்லாருக்குன்னு சொன்னது யாரு?”

படிப்பு, பரீட்சை எல்லாம் அந்தப் பெரியவர் கையில். வாயை மூடிக்கொண்டால் தம்பிக்கு நல்ல பெயர், எனக்குக் கோணல் கால். திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

“கழட்டு” என்றார் பெரிய டாக்டர்.

மறுபடியும் டிரில். இந்த முறை அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பயமாக இல்லை.

சாயங்காலம் தம்பி எக்ஸ்ரேயோடு வந்தார். முதலில் தப்பாகப் போட்டதையும் கழட்டி மாற்றியதையும் அவரே சொன்னார். எலும்பில் கூடுதலாக விழுந்த ஓட்டை தானே மூடிக்கொள்ளுமாம். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன் என்றேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அவரு நல்லாருக்குன்னு சொன்னதோட விட்டிருந்தா யாருக்குய்யா தெரியப்போகுது?”

“உங்களுக்குத் தெரியும்மா. எந்திரிச்சு நிக்கிற அன்னிக்கு.”

பாராட்டு கையில் வந்து விழுந்தபிறகு, இல்லை, நான் செய்தது தப்பு என்று சொல்கிற ஆளை எங்கள் மார்க்கெட்டில் நான் பார்த்ததில்லை. உங்கள் ஆபீஸில் உண்டா?

பிறகு ஒரு நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய டாக்டர் வந்து என் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி பக்கம் திரும்பி, அடுத்த வாரம் ஒரு தொடை எலும்பு இருக்கிறது, அதையும் நீயே போடு என்றார்.

அந்தத் தொடைக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் சரி — பயப்படாமல் போய்ப் படுங்கள்.