கினிப்பன்றிகளின் சாப்பாட்டு அறை

ஊரில் பாதி வீட்டுச் சாப்பாட்டு மேசைகளைச் செய்த தச்சருக்கு, மகள் வளர்த்த இரண்டு கினிப்பன்றிகள் தண்ணி காட்டின. எத்தனை அழகான புல்கூடை செய்து மாட்டினாலும், காய்ந்த புல்லைக் கூடம் முழுக்க இறைத்தன.

“இன்னொரு தடவை என்னைப் பெருக்க வச்சீங்க, ரெண்டும் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்!” என்றார் மனைவி. மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

தச்சர் கன்னத்தில் கைவைத்துக் கவனித்தார். இரண்டும் புல்லை இழுத்துப்போய், தங்கள் கழிவுகளுக்கென வைத்த தட்டில் உட்கார்ந்துதான் மென்றன. தொழில் கௌரவத்தை ஓரங்கட்டிவிட்டு, கூடையைத் தட்டுக்கு மேலேயே மாட்டினார். கூடம் பளிச்சென்றானது, கினிப்பன்றிகளும் வீட்டிலேயே தங்கின.

“கக்கூஸ்ல சாப்பாடா? கலிகாலம்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் தச்சர்.

“தினம் டீ டம்ளரோட உள்ள போறது யாருங்க?” என்றார் மனைவி.

மறுநாள் அந்த வீட்டுக் கழிப்பறையில் டம்ளர் வைக்க ஒரு பலகை முளைத்தது.