கைநாட்டு வைக்க இயலாதவர்

சுருளிப்பட்டியில் அந்த வீட்டு வாசலுக்கு அன்று வந்திருந்தவர்கள்: எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா, ஒரு மாட்டு டாக்டர், கார் டிரைவர், நான். வீட்டுக்கார அக்கா இருந்தார். ஒரு மாதக் கன்றுக்குட்டி மாட்டுக் கொட்டத்தில் கட்டிக் கிடந்தது. இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவின் வீட்டுக்காரர், அப்புறம், அவர்களுடைய செவலை மாடு. இத்தனை பேர் கார் பிடித்து வந்தது அந்த மாட்டைப் பார்க்கத்தான்.

காரணம் நான்.

மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற ஒரு காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சி எங்களுடையது. வீடு வீடாகப் போய் மாட்டுக்கும் ஆளுக்கும் ரத்தம் எடுப்பார்கள். படிவம் நிரப்புவது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். மயிலாடும்பாறையில் எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதனால் பயிற்சியில் சொன்ன விதிகளை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். யார் பெயரையும் எழுதக் கூடாது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

முதல் தடவை போனபோது அக்காவிடம், வீட்டுக்கு முக்கியமாகச் சம்பாதித்துப் போடுவது யார் என்று கேட்டேன். அக்கா கொட்டத்தைக் காட்டினார். நான் சிரித்துவிட்டு, மறுபடி கேட்டேன்.

“செவலதான் தம்பி. காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் போகுதுல்ல? இவுக திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு வாரம் போனா, மறுவாரம் முதுகு வலிக்குதுன்னு படுத்துருவாக.”

வீட்டுக்காரர் பக்கத்திலேயே மாட்டுக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுப்பார் என்று பார்த்தேன். மறுக்கவில்லை.

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வயது: ஆறு. பாலினம்: பெண். படிப்பு: இல்லை. குழந்தைகள்: மூன்று. ரத்தம் எடுக்கப்பட்டதா: ஆம். சம்மதக் கையெழுத்து என்ற கட்டத்தில்தான் கொஞ்ச நேரம் யோசித்தேன். காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். ‘கைநாட்டு வைக்க இயலாதவர்’ என்று எழுதினேன். பெயர் எழுதக் கூடாது என்பதால் செவலை என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்து நாள் கழித்துப் பேராசிரியர் போன் செய்தார். ஆறு வயதுப் பெண் பிள்ளை, பள்ளிக்கூடம் போகவில்லை, குடும்பத்துக்கே சம்பாதித்துப் போடுகிறது, மூன்று குழந்தை, சம்மதம் இல்லாமல் ரத்தம் வேறு எடுத்திருக்கிறோம் என்று வரிசையாகச் சொன்னார்.

“சார், அது மாடு” என்றேன்.

தான் நம்புவதாகப் பேராசிரியர் சொன்னார். ஆனால் ஆராய்ச்சியில் யாருக்கும் அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. படிவம் அங்கே போய்விட்டது. மாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அது ஒரு மாட்டின் போட்டோ என்பதை மட்டும் குழு ஒத்துக்கொண்டது. அந்தக் குழுவின் டாக்டரம்மா நேரில் வருவார், மாடு படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு சரி.

இப்போது மாட்டைக் காணோம்.

“நோய் கண்டுபிடிச்சுட்டாக, புடிச்சுட்டுப் போகத்தான் காரு வருதுன்னு இவுக நேத்தே பொலம்புனாக” என்றார் அக்கா. “விடியங்காட்டியும் ஓட்டிட்டுப் போயிட்டாக.”

எங்கே என்று கேட்டேன். அங்கன எங்கேயோ என்று கைகாட்டிய திசையில் மேகமலை முழுவதும் இருந்தது. வீட்டுக்காரர் போன் அணைந்திருந்தது. டாக்டரம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளையின் செருப்பைத் தேடுகிறார் என்று புரிந்தது. வேலை போனால் ஊரில் என் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அக்கா மட்டும் பதறவில்லை. “நாலு மணிக்கு வந்துரும்” என்றார்.

“அண்ணன் கூட்டிட்டு வந்துருவாரா?”

“அவுக இல்ல தம்பி. அது வந்துரும்.”

பால் கறக்கும் நேரம் நெருங்க, கன்றுக்குட்டி கத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தென்னந்தோப்புப் பக்கமிருந்து பதில் வந்தது. செவலை ஓட்டமும் நடையுமாக வந்தது. கயிற்றின் மறுமுனையில் வீட்டுக்காரர், ஒரு செருப்போடு, இழுபட்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடலாமா என்று நினைத்திருக்க வேண்டும். கயிறு கையில் சுற்றியிருந்தது.

மாட்டு டாக்டர் பல்லைப் பிடித்துப் பார்த்து ஆறு வயது சரி என்றார். ரத்தத்தில் நோய் இல்லை என்ற தாளையும் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். டாக்டரம்மா படிவத்தை எடுத்து அக்காவிடம் முதலிலிருந்து கேட்டார். வீட்டுக்கு முக்கியமாகச் சம்பாதிப்பது யார்?

“இந்தா நிக்குதே” என்றார் அக்கா. வீட்டுக்காரர் கையிலிருந்த சிராய்ப்பைத் தடவிக்கொண்டு, “ஆமாங்கம்மா” என்றார்.

டாக்டரம்மா எல்லாக் கட்டத்திலும் சரி போட்டார். என் ஒப்பந்தம் தப்பியது. படிவம்தான் தப்பவில்லை. ‘மேற்படி நபர் மனிதரா?’ என்று ஒரு புதுக் கேள்வி சேர்த்து எல்லாப் படிவங்களையும் மறுபடி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் எடுத்தேன். செலவில் பல்கலைக்கழகம் பாதி, நான் பாதி என்று பேசி முடித்தோம். மொத்தம் எழுநூற்று இருபது ரூபாய்.