மகேஸ்வரி பேரில் படுத்தவள்

திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் வெங்காயத்தாள் அறுக்கிற மகேஸ்வரியிடம் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. சித்தையன்கோட்டையில் இருந்த அவள் அக்கா பேச்சாயிக்கு நோய்தான் இருந்தது, அட்டை இல்லை. பேச்சாயி புருஷன் மூக்கையா அடுத்தவன் டெம்போவைக் கூலிக்கு ஓட்டுகிறவன். வண்டி அவன் வாசலில் நிற்கும். அட்டைக்கு விசாரிக்க வந்த மகராசன் வண்டியைப் பார்த்தார், இவனே முதலாளி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, அட்டை கிடையாது என்றார்கள். மாற்று வேட்டி இல்லாதவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

பேச்சாயிக்கு மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். போனாள். இரண்டு மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அதுவரை உடம்பில் ரத்தம் மிஞ்ச வேண்டுமே!

"எங் கார்டுல படுத்துக்கக்கா," என்றாள் மகேஸ்வரி. "நம்மள பெத்தவளுக்கே சமயத்துல அடையாளம் தெரியாது. இவுகளுக்கா தெரியப்போகுது?"

அப்படித்தான் ஆனி மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கவுண்டரில் மகேஸ்வரி கைரேகை வைத்தாள், போட்டோவுக்கு நின்றாள், தன் போன் நம்பரையே கொடுத்தாள். பிறகு இரண்டு பேரும் கக்கூசுக்குள் போய்ச் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். வெளியே வந்த பேச்சாயி, மகேஸ்வரியாகக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது முதல் நாள் இரண்டு தலையும் திரும்பின. மூன்றாம் நாள் பேச்சாயி மட்டும்தான் திரும்பினாள். "மகேஸ்வரி, வலிக்குதா?" என்றால் கட்டிலிலிருந்து "வலிக்குதும்மா" என்று பதில் வரும். கீழே பாயில் கிடந்த மகேஸ்வரிக்கு அடிவயிறு சுருக்கென்று இழுக்கும்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். எடுத்ததைச் சொந்தக்காரரிடம் காட்டுவது வழக்கமாம். தண்ணீர் மாதிரி ஏதோ மருந்துக்குள் அது மிதந்தது. டப்பா மேல் ஒட்டியிருந்த தாளில் மகேஸ்வரி, வயது நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. "டெஸ்டுக்குப் போகும். ரிப்போர்ட் வந்தாச் சொல்றோம்," என்றாள் நர்ஸ். மகேஸ்வரி சேலைக்கு மேலாகத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து நாலு நாள். பகல் பதினொரு மணிக்கு, வெங்காயக் குவியலுக்கு நடுவே போன் அடித்தது.

"மகேஸ்வரிங்களா? ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம். உங்க ரிப்போர்ட் வந்திருக்கு. உடனே நேர்ல வாங்க."

மெதுவான பெண் குரல். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அந்த வாரம்தான் யாரோ அடுத்தவர் அட்டையில் வைத்தியம் பார்த்துப் பிடிபட்டார்கள் என்று பேட்டை முழுக்கப் பேச்சு. ரிப்போர்ட்டாவது மண்ணாங்கட்டியாவது, கூப்பிட்டுப் பிடித்து உள்ளே போடத்தான் பார்க்கிறார்கள் என்று போனை அணைத்தாள் மகேஸ்வரி. மறுநாளும் அதே நேரம், அதே குரல். மூன்றாம் நாளும். நாலாம் நாள் போனை எடுத்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"மகேஸ்வரி இல்லம்மா."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டா. செத்துப் போயிட்டா."

"அய்யோ!" என்றது குரல். அதற்குப் பிறகு போன் வரவேயில்லை.

பேச்சாயியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுந்து நடமாடுகிறவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று இருந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்கவில்லை. பேட்டை கணக்குப்பிள்ளை அன்புமணி "ஏ மகேசு!" என்று மூன்று தரம் கத்துவான். பக்கத்தில் இருப்பவள் இடித்தால்தான் நிமிர்வாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றே தோன்றும். செத்துப் போயிட்டா என்பது விளையாட்டுக்குச் சொல்லும் வார்த்தையா, பாவி மகளே!

தை மாதம் பேச்சாயிக்கு மறுபடி வயிறு கனத்தது. சோறு இறங்கவில்லை, ஆள் பாதியானாள். பங்குனியில் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தழும்பைப் பார்த்த டாக்டர், "அப்ப எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?" என்று கேட்டார்.

"அப்படி எதுவும் வரலைங்களே," என்றாள் பேச்சாயி, பச்சைப்பிள்ளை போல. மகேஸ்வரி சுவரைப் பார்த்தாள்.

"அது கண்டிப்பா வேணும். வாங்கிட்டு வாங்க."

மறுநாள் அவள் தனியாக அந்தத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் போய் நின்றாள். "பேர் சொல்லுங்க," என்றாள் உள்ளே இருந்த பெண். அதே குரல்.

"மகேஸ்வரி. வெங்காயப்பேட்டை."

பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். கை நின்றது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க... இறந்துட்டாங்களே?"

"ஆமா," என்று மகேஸ்வரியின் வாயில் தானாக வந்தது. "நான் அவ தங்கச்சி, தாயி. ரிப்போர்ட்டு வேணும்."

அந்தப் பெண் எழுந்து போய்த் தாளை எடுத்து வந்தாள். "நாலு தடவ கூப்பிட்டோம்மா. கேன்சர்தான், ஆனா ஆரம்பம். உடனே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

மதுரையில் டாக்டர் பேரைக் கவனிக்காமலே தாளைப் புரட்டினார். ஆடியிலேயே வந்த ரிப்போர்ட்டை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். ஈரலுக்குப் போய்விட்டது, இனி வலிக்குத்தான் மருந்து கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மகேஸ்வரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாலு போனையும், ஜெயில் பயத்தையும், தன்னைத் தானே சாகடித்ததையும் சொன்னாள். அக்கா அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பேச்சாயி தங்கச்சியின் தலையில் கை வைத்தாள்.

"எம் பேர்லயே படுத்திருந்தா, அந்தப் போனு எனக்கு வந்திருக்கும்ல மகேசு?"