விருத்தாசலத்தில் இரண்டு இரவும் ஒரு பிராதும்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு எழும்பூரிலிருந்து வண்டி கிளம்பியது. விருத்தாசலம் இருநூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு எழுபத்தெட்டு ரூபாய். எட்டு மாதக் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் அந்த டிக்கெட் இல்லாத பயணிக்குத்தான் மூட்டை அதிகம்: இரண்டு பிளாஸ்க், கேழ்வரகு மாவு டப்பா, இருபத்தி நாலு துணி, மூன்று ஸ்வெட்டர், குரங்குக் குல்லா ஒன்று. எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு பை.

நாங்கள் இருக்கும் பூனாவில் டிசம்பர் குளிரில் பல் கிட்டும். அங்கிருந்து கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து இந்த விடுமுறையைத் திட்டமிட்டவள் நான். மொத்தம் பன்னிரண்டு நாள். கோயம்புத்தூரில் என் அம்மா வீட்டில் பத்து நாள். விருத்தாசலத்தில் என் கணவரின் அக்கா வீட்டில் இரண்டு ராத்திரி. கணவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருப்பதில் பல ரகம் உண்டு. இது கொஞ்சம் கனமான ரகம்.

அவருடைய அக்கா செண்பகத்தை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிட்டது என்னவோ கல்யாணத்தில் ஐந்தாறு தடவைதான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக நாங்கள் அந்த ஊருக்குப் போகவில்லை. தொலைபேசியில் தம்பியோடு மட்டும் பேசுவார், என்னைக் கேட்கமாட்டார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து அந்தப் பயணத்தில் எனக்கிருந்த ஒரே பயம் அண்ணிதான். குழந்தைக்குச் சளி பிடித்தால் மருந்து இருக்கிறது. அண்ணிக்கு என்னைப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது?

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு அவரிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. முதல் முறையாக என் பெயருக்கு. நலமா என்ற கேள்வி கிடையாது, நேரே அட்டவணை. ‘சனி மாலை: குழந்தைக்கு வெந்நீர். ஞாயிறு காலை: பனி விலகினதும் கம்பெனி பார்ப்பது. மதியம்: குழந்தை தூங்கணும், யாரும் சத்தமா பேசக் கூடாது. சாயங்காலம்: பெண்ணாடம் பெரியம்மா வீடு. பஸ்ஸில் இடது பக்க சீட்டு, வெயில் அடிக்காது. திங்கள் காலை: கொளஞ்சியப்பர் கோயில். கட்டாயம்.’ கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு. நான்தான் திட்டம் போடுவதில் புலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரம் தாண்டியதும் வண்டி கரும்புக்குள் புகுந்தது. இரண்டு பக்கமும் பூ விட்ட கரும்பு, வெள்ளையாக, காற்று வந்த பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தது. குழந்தை இனியா என் மடியில் படுத்தபடி ஜன்னல் கம்பிகளின் நிழல் தன் வயிற்றின் மேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். எதிர் சீட்டு அம்மாள் குரங்குக் குல்லாவைப் பார்த்துவிட்டு, “எந்த ஊருக்கும்மா போறீங்க, காசுமீருக்கா?” என்று கேட்டார். குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

மாலை நான்கு மணிக்கு விருத்தாசலம் சந்திப்பு. அண்ணி நடைமேடையிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, கையில் ஒரு பெரிய வயர் கூடை. தம்பியைப் பார்த்ததும் முகம் கலங்கியது. என்னைப் பார்த்து, “வாம்மா வசந்தி” என்றார். குழந்தையை அவரிடம் நீட்டினேன். ஒரு அடி பின்னால் போனார்.

“கை அழுக்கா இருக்குதும்மா. வூட்டுக்குப் போயி வாங்கிக்கறேன்.”

ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஊரைத் தாண்டிப் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பியதுமே சாலை வெளுத்துவிட்டது. களிமண் மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து சிந்திய வெள்ளைப் பொடி வேலியோரச் செடிகளின் மேலெல்லாம் படிந்திருந்தது. சாயங்கால வெயிலில் அந்தத் தெருவே பால் காய்ச்சி ஆற வைத்த மாதிரி இருந்தது. புகைபோக்கிகளிலிருந்து புகை அவசரமில்லாமல் மேலே போயிற்று. இந்த ஊரில் எதற்குமே அவசரம் கிடையாதோ என்று தோன்றியது.

வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. குழந்தைக்கென்று தனி வாளி, தனிச் சொம்பு, பழம்புடவையில் கிழித்து வெயிலில் காயவைத்த துண்டுகள். அண்ணி தண்ணீர் விளாவினார், சூடு பார்த்தார், துணி அலசினார், கொடியில் போட்டார். குழந்தையை மட்டும் தொடவில்லை. நான் நீட்டும்போதெல்லாம் கை ஈரம், அடுப்பில் பால், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு காரணம். மூன்றாவது தடவைக்கு மேல் நான் நீட்டவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. என் மேல் இருக்கும் வெறுப்பை என் குழந்தை மேலும் காட்டுகிறார் என்று எண்ணியபடியே படுத்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வெளியே வந்தால் ஊரைக் காணவில்லை. மார்கழிப் பனி. எதிர் வீட்டுக் கோலம் தெரிந்தது, எதிர் வீடு தெரியவில்லை. எங்கோ டீக்கடை ரேடியோவில் பாட்டு மட்டும் கேட்டது. எட்டு மணிக்குப் பனி விலகியதும் அட்டவணைப்படி பீங்கான் கம்பெனிக்குப் போனோம். அண்ணியின் கணவர் பழனி அண்ணன் அங்கே சூளை மேஸ்திரி. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று மூன்றும் செய்கிற இடம். பொம்மைக் கொட்டகையில் நீளமான பலகைகளில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் சுடுவதற்காகக் காய்ந்துகொண்டிருந்தன: மயில், யானை, கை கூப்பிய பெண். எல்லாமே வெள்ளை. எதற்கும் கண் எழுதவில்லை.

இனியா அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிரித்தாள்.

“இப்ப எல்லாம் தூங்குதுங்க பாப்பா” என்றார் பழனி அண்ணன். “சூளைக்குப் போயிட்டு வந்தாத்தான் முழிக்கும். அது வரைக்கும் நாம சத்தம் போடக் கூடாது, என்னா?”

உண்மையில் அங்கே யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் இரண்டு பேர் அச்சுகளில் களிமண் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தயிர் உறை ஊற்றும் பதத்தில். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்கி, அதில் வெள்ளைத் தூசி மிதந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அண்ணி கொட்டகை வாசலிலேயே நின்று, பொம்மைகளைப் பார்க்காமல், குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் பார்வையை மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம் பெண்ணாடம். பதினேழு கிலோமீட்டருக்கு டவுன் பஸ் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது, வழியெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள். “பாப்பா வருது, ஜன்னலாண்ட எடம் குடுங்கப்பா!” என்று கண்டக்டரே ஒருவரை எழுப்பி எங்களை உட்காரவைத்தார். இடது பக்கம். வெயில் அடிக்கவில்லை. ஆலை நெருங்க நெருங்கக் காற்றே இனித்தது. பெரியம்மா வீட்டில் குழந்தையை ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஏழாவதாக அண்ணி நின்றார். தூக்கவில்லை.

திங்கள் காலை ஏழரை. கோயிலுக்கு அண்ணியும் நானும் குழந்தையும் மட்டும் என்று ஏற்பாடு. “தம்பி வூட்லயே இருக்கட்டும்” என்றார். மணவாளநல்லூர் ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். பனி இன்னும் முழுதாக விலகாததால் ஆட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு போனது.

கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனக்குறை உள்ளவர்கள் அதை மனுவாகவே காகிதத்தில் எழுதி, சாமி முன் வைத்து, வெளியே முனியப்பர் சன்னிதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். நகை காணாமற்போனாலும் கட்டலாம், மகன் குடித்தாலும் கட்டலாம், பங்காளி ஏமாற்றினாலும் கட்டலாம். நியாயம் கிடைத்ததும் மறுபடி வந்து, பிராதை வாபஸ் வாங்குவதாக எழுதி வைக்க வேண்டும். அதற்கு இங்கே ராஜினாமா என்கிறார்கள். வேல்களில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக எத்தனையோ பேருடைய குறைகள் தொங்கின. பனியில் நனைந்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தன.

அண்ணி வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். “ஒரு ராஜினாமா எழுதணும். நீ எழுதும்மா. என் எழுத்து கோழி கிளறுனாப்ல இருக்கும்.”

அட்டவணை எழுதிய கை அது. முத்து முத்தான எழுத்து. இருந்தாலும் கேட்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்துத் தூணருகே உட்கார்ந்தேன். அண்ணி நின்றபடியே, சன்னிதியைப் பார்த்துச் சொன்னார். நான் எழுதினேன்.

“விருத்தாசலம் செண்பகம் எழுதிக்கிறது. மூணு வருசத்துக்கு முன்னால, மார்கழி மாசம், இங்க வந்து ஒரு பிராது கட்டினேன்.”

“ம்.”

“என் தம்பிய என் வூட்டு வாசப்படி மிதிக்க வுடாம பண்றான்னு...”

“ம்.”

“...என் தம்பி சம்சாரம் வசந்தி மேல கட்டின பிராது அது.”

பேனா நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாமியிடம் போய் என்னைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார். நான் பூனாவில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தபோது என் பெயர் இங்கே ஒரு வேலில் தொங்கியிருக்கிறது.

“இதை நீங்களே எழுதியிருக்கலாமே அண்ணி. என் கையாலயே எழுதச் சொல்றீங்களே!”

“வாயால சொல்ல வரலம்மா.” அவர் இன்னும் சன்னிதியையே பார்த்துக்கொண்டிருந்தார். “புள்ள பொறந்த மூணாம் மாசம், காச்சல், ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்னு தம்பி போன் பண்ணுச்சு. எனக்கு உசுரே இல்ல. நான் கட்டுனது ஒன் மேல. அது பச்சப்புள்ள மேல போயி வுழுந்துடிச்சோன்னு பயந்துட்டேன். இத அவுக்காம புள்ளையத் தொடவே கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

இரண்டு நாளாக ஈரமாகவே இருந்த அந்தக் கைகளைப் பார்த்தேன்.

“அப்பவே வந்து வாபஸ் வாங்கியிருக்கலாமே?”

“ஒனக்குத் தெரியாம கட்டுனேன். அவுக்கறதையும் ஒனக்குத் தெரியாம அவுத்தா, அது திருட்டுத்தனம் இல்லியா?”

மீதியை எழுதினேன். ‘மேற்படி பிராதை முழு மனதோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.’ அண்ணி கையெழுத்துப் போட்டார், சாமி முன் வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் இட்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். இனியா அவருடைய தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. முனியப்பர் சன்னிதியை அந்தக் குழந்தையோடு மூன்று சுற்று சுற்றினார். பனிக்குள் போய்ப் போய் வெளியே வந்தார்கள் இருவரும். நான் தூணிலேயே சாய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்திருந்தது, கோயம்புத்தூருக்கு. இரண்டாம் வருஷம் முதுகுவலி. மூன்றாம் வருஷம் கர்ப்பம், அது நிஜம், ஆனால் அதே கர்ப்பத்தோடு என் தங்கை வளைகாப்புக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு மூத்த பெண், கண்டிப்பான நாத்தனார், தெரியாத ஊர், தெரியாத பேச்சு. எதற்கு வம்பு என்று ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். என் கணவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் மதியம் இரண்டு மணிக்கு சேலம் பஸ். அங்கிருந்து கோயம்புத்தூர். அண்ணி ஜன்னலுக்கு வெளியே நின்று, வெந்நீர் பிளாஸ்க்கையும் வசம்புத் துண்டையும் கொடுத்தார். கணவர் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறும விட்டார். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. ஜன்னல் கம்பி வழியாகக் குனிந்தேன்.

“அண்ணி, அந்தப் பிராதுல நீங்க எழுதினது பொய்யில்லைங்க. நான்தான் அவரை வரவிடாமப் பண்ணினேன்.”

அண்ணி என் கையைப் பிடித்தார். களிமண் பொடி படிந்து வெளுத்த, ஈரமில்லாத கை.

“தெரியும்மா” என்றார். “தெரிஞ்சுதான் வாபஸ் வாங்கினேன்.”