உடையாத ஷாஃப்ட்

இரும்பு கடைகிற லேத்துக்காரனுக்குப் பாராட்டு என்பது, சாமான் வாங்கிப் போன ஆள் அப்புறம் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான். உடைந்தால் வந்து கத்துவான். உடையாவிட்டால் டீக்கடையில் பக்கத்தில் நின்றால்கூடக் கண்டுகொள்ள மாட்டான். கைவேலை செய்கிற நீங்களும் இதைப் பட்டிருப்பீர்கள். என் பட்டறை திருவொற்றியூரில். யாரிடமும் போய்க் கற்றதில்லை. வீணாக்கிய இரும்புதான் கற்றுக்கொடுத்தது. பகலில் வோல்டேஜ் ஆடும் என்பதால் ராத்திரியில்தான் லேத்து ஓட்டுவேன்.

பின்னால் போகாத கார்

தினா வண்ணாரப்பேட்டையில் பைக் மெக்கானிக். பழைய பைக் எஞ்சின் ஒன்றை சீட்டுக்குப் பின்னால் வைத்து, குழாய்களை வளைத்து வெல்டு அடித்து, பந்தயத்துக்கு ஒரு கார் கட்டியிருந்தான். அதற்குக் கடையில் எந்தச் சாமானும் கிடைக்காது. எல்லாம் நான் கடைந்து கொடுக்கவேண்டும். முதல் நாள் என் வாசலில் வண்டியைத் திருப்ப, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டான். பைக் எஞ்சினில் ஏது ரிவர்ஸ்? கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளிய மீன்காரம்மா மூச்சு வாங்கக் கேட்டார்: "இன்னா நைனா, காருன்னு சொல்ற, குப்பை வண்டி மாதிரி தள்ள வுடுற?"

மூன்று ஷாஃப்ட்

எஞ்சினிலிருந்து வரும் செயினின் இழுவையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு. அதுதான் என் வேலை. முதல் பந்தயத்தில் கிளம்பும்போதே உடைந்தது. இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. ஒவ்வொரு தடவையும் வண்டி சாதுவாக நின்றுவிடும், தினா இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான். துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "அண்ணாத்த, இன்னும் ஒரே ரேஸுதான். இதுவும் பூட்ச்சின்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டு பஞ்சர் ஒட்டினு கெடக்க வேண்டியதுதான்."

கடல் இரும்பு

காசிமேட்டில் ஒரு மீன்பிடி லாஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றிய ஷாஃப்டில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். கடைகிறபோது வெட்டுக்கருவிகள் வரிசையாக மழுங்கின. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். விற்றவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: "கடல்லயே உடையாதது, ரோட்லயா மாமு உடையப் போது?"

மூடி

தினாவின் இடது முழங்கைக்கு ஒரு சாண் பின்னால் செயின் ஓடும். அதற்குக் கனமான இரும்பு மூடி போட்டிருந்தேன். எடை குறையணும், மெல்லிய அலுமினியம் போதும் என்றான். வேறு சமயமாக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். ஷாஃப்டே உடையாதபோது என்ன ஆகிவிடும் என்ற மிதப்பு. வெட்டிக் கொடுத்தேன். விரலால் தட்டினால் பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் வந்தது. தினா சிரித்தான்: "பின்னாடி ஓடுற செயினாண்ட இன்னா பயம் அண்ணாத்த? முன்னாடி போற வண்டியாண்டதான் பயம்."

மூன்றாவது வளைவு

பந்தயத்தன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதல்முறையாக வண்டி நிற்காமல் பாய்ந்தது. இரண்டு கார்களைத் தாண்டியது. நான் கத்தினேன், என் வயசுக்கு ஆகாத கத்தல். மூன்றாவது வளைவு முடிந்து அவன் வேகத்தைக் கூட்டியபோது செயின் அறுந்தது. அலுமினியத்தைக் கிழித்துக்கொண்டு முழங்கையில் இறங்கியது.

முந்தைய மூன்று ஷாஃப்டும் தாங்கள் உடைந்து அவனைக் காப்பாற்றியிருந்தன என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நாலாவது உடைய மறுத்ததால், அந்த இழுவைக்கு அடுத்து இளைத்தது எதுவோ அது அறுந்தது.

அவன் முழங்கையில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். கை இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத கையோடு எஞ்சினுக்குள் எப்படி வேலை செய்வான்? தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான், கண்ணில் அத்தனை பெருமை: "எல்லாம் பூட்ச்சி அண்ணாத்த, உன் ஷாஃப்ட்ல மட்டும் ஒரு கீறல் இல்ல!"

அதற்கப்புறம் யார் வந்து பலமாகச் செய்யச் சொன்னாலும், "முதலில் எது உடையலாம்?" என்று கேட்கிறேன், பாதிப் பேர் அபசகுனம் பிடித்த ஆள் என்று வேறு லேத்துக்குப் போய்விடுகிறார்கள்.