ஐந்தருவியில் குளித்த எஞ்சின்

தென்காசி பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு இயந்திரத்தின் பெல்ட் வழுக்கிச் சூடான ரப்பர் வாடை அடித்ததும் அப்பாவின் பட்டறை நினைவுக்கு வந்தது. அங்கே இப்போது ஜவுளிக்கடை.

அறுபதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. இலஞ்சித் தோப்புக்காரர் அண்ணாச்சியின் பழைய பந்தயக் கார் மேடு ஏறினாலே கொதித்துவிடும் என்பதால், மறுவாரம் சென்னையில் ஓடவிருந்த பந்தயத்துக்காக அப்பா இரண்டு மாதம் உழைத்து, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைப் புதிதாகக் கடைந்து, விசிறியைச் சுற்றும் ஒற்றை பெல்ட் இருந்த இடத்தில் இரண்டு மாட்டி, லாரி ரேடியேட்டரை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்தியிருந்தார். தினமும் மாலையில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலம் இறங்குகிறதா என்று பார்ப்பார்.

சோதனைக்காக ஐந்தருவி வரை முழு வேகத்தில் ஏறினோம். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. சீசனில் அருவிக்கு வந்தவர்கள் குளிக்காமல் திரும்புவதில்லை. அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கியபோது, அண்ணாச்சி காரின் எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு, அருவித் தண்ணீர் நிறைந்த வாளியோடு அருகில் நின்றார்.

“நாம மட்டும் குளிச்சாப் போதுமாவே? இவனும் சூடாத்தான வந்திருக்கான்.”

சுட்ட வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் படக்கூடாது என்று எனக்கே தெரியும். “அண்ணாச்சி, வேண்டாம்” என்று அப்பா ஓடி வருவதற்குள் வாளி காலியாகிவிட்டது.

கல்லில் தேங்காய் தெறித்ததுபோல் ஒரு சத்தம். ஆவி விலகியதும் எஞ்சின் பிளாக்கில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அதில் தண்ணீர் கசிந்தது. அண்ணாச்சி வாளியைக் கீழே வைக்கவில்லை. ஈரத்துண்டோடு அப்பா குனிந்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“பெல்ட் சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி” என்றார்.