சங்மோக் வாசிக்காமல் விட்ட இடம்

தோ சங்மோக்கைப் போல ஒரு சந்தேகப் பிராணியை எங்கள் சந்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சியோலிலிருந்து வரும் செய்தித்தாளுக்கு எங்கள் ஊரில் கிளை நடத்தியவர் அவர்தான். ரயிலிலிருந்து இறங்கும் பேப்பர்க் கட்டை வாங்கியதும் முதலில் சணல் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு மேல்தாளை முகர்ந்து பார்ப்பார். வழியில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் காவல் நிலையத்துச் சிகரெட் வாசனை அடிக்கும் என்பது அவர் கணக்கு. அடித்தாலும் அடிக்காவிட்டாலும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். வாசனை அடிக்கவில்லை என்றால் சிகரெட் குடிக்காத ஆளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ஜப்பான்காரன் ஆட்சி வந்து பதினெட்டாவது வருஷம் அது. பேப்பர் அச்சாவதற்கு முன்பே தணிக்கைக்காரர் பார்த்துவிடுவார். கடைசி நேரத்தில் அவர் வேண்டாம் என்று சொன்ன வரிகளின் ஈய எழுத்துகளை அச்சகத்திலேயே அடித்து நசுக்கிவிடுவார்கள். அந்த இடம் மட்டும் வெள்ளையாக வரும், நசுங்கிய எழுத்துகளின் கறை அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு.

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஐந்து நாளைக்கு ஒருமுறை சந்தை கூடும் அன்று, கோசாங் அக்காவின் கள்ளுக்கடையில் சங்மோக் பேப்பரை உரக்க வாசிப்பார். அரிசிக்கள்ளுக் கிண்ணத்தோடு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். வெள்ளை இடம் வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். சங்மோக் தாண்டமாட்டார். அங்கே இருந்திருக்க வேண்டிய வரிகளை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல், எங்கள் எழுத்து ஓடுகிறபடியே கண்ணை மட்டும் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று ஓட்டுவார். கடையில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். பேசினால் பிடித்துப் போகலாம். பேசாமல் இருந்தவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

காவல் நிலையமும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. மாதாமாதம் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஜில்லாவுக்கு அறிக்கை எழுத வேண்டும். அதனால் க்வாக் இன்பே என்ற காவலர், எங்கள் ஆள்தான், கொரியாக்காரர்தான், சந்தை தோறும் கடைக் கதவோரம் வந்து நின்றுகொள்வார். வாசிக்கும்போது அவர் வெளியே வேடிக்கை பார்ப்பார். மௌனம் வந்ததும் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யார் முகம் மலர்கிறது, யார் பல்லைக் கடிக்கிறார் என்று குறித்துக்கொள்வார்.

"என்னய்யா, இன்னிக்கு எத்தன வரி வாசிக்கல?" என்பார் போகும்போது.

"எண்ணலீங்க ஐயா," என்பார் சங்மோக். அவர் எண்ணியிருப்பார்.

அந்த மௌனத்தில் சங்மோக்குக்கு ஒரு கிறக்கம் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அச்சான செய்தியை வாசிக்கும்போது ஜனங்கள் மூக்கைச் சொறிவார்கள், பக்கத்தில் இருப்பவனோடு மாட்டு விலை பேசுவார்கள். அச்சாகாத செய்திக்கு மட்டும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். ஊர் அவரை நம்பியது. கிளைப் பலகையும் அந்த நம்பிக்கையும் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை. காட்டிக்கொடுக்கிறவன் என்று ஒரு சொல் விழுந்தால் அன்றோடு தீர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவே இன்பேயோடு நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

பார்லி அறுப்புக்கு முந்தின சந்தை. அந்த வருஷம் மேட்டு நிலம் முழுக்கப் பருத்திதான் போட வேண்டும் என்று உத்தரவு. உளுந்தோ காராமணியோ ஊடே முளைத்திருந்தால் விவசாய ஆபீஸ் ஆள் தடியோடு வந்து பிடுங்கிப் போடுவான். பருத்தியைத் தின்ன முடியுமா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைய பேப்பரின் இரண்டாம் பக்கத்தில் பருத்தியைப் பற்றித்தான் செய்தி. சங்மோக் வாசித்தார்.

"பருத்தி சாகுபடி குறித்துத் தென் மாவட்டங்களில் எழுந்துள்ள புகார்கள் பற்றி அதிகாரிகள் கூடி ஆலோசித்தனர்."

அதற்குக் கீழே வெள்ளை.

அந்த வெள்ளையைச் சுற்றி மெல்லிய கட்டம் ஒன்று போட்டிருந்தது. உள்ளே ஒரு கறை இல்லை. துவைத்து வெயிலில் போட்ட துணி மாதிரி இருந்தது. தணிக்கைக்காரர் கை வைத்த இடம் இப்படி இருக்காது. ஏழு வருஷமாகப் பேப்பரை முகர்ந்து பார்க்கிற சங்மோக்குக்கு அது தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. தலை நிமிர்ந்தார். அறுபது முகங்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தன. அவருடைய மனைவி புன்ரேயின் தம்பி மான்சிக் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சங்மோக் மறுபடி குனிந்து கண்ணை ஓட்ட ஆரம்பித்தார், மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, பதினெட்டு வரிகளுக்கு.

அவர் தாளை மடித்து வைப்பதற்குள் மான்சிக் ஆரம்பித்துவிட்டான். "கூடி ஆலோசிச்சாங்களாம். அதுக்கப்புறம் அழிச்சிருக்காங்கன்னா என்ன அர்த்தம்? உத்தரவ வாபஸ் வாங்கிட்டாங்க. நம்ம காதுல விழுந்தா இந்த வருஷப் பருத்தி போயிடும்ல, அதான் அமுக்கறாங்க."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் கோசாங் அக்கா, கள்ளை ஊற்றிக்கொண்டே. "ஒண்ணுமில்லாத விஷயம்னா எதுக்கு அவ்வளவு பெருசா அழிக்கணும்? சங்மோக்கு அண்ணன் மொகத்தப் பாரு, எப்படி இறுகிக் கெடக்குன்னு."

முகம் இறுகியிருந்தது வேறு காரணத்துக்காக. வாயைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் பதினோரு வீட்டுக்காரர்கள் பருத்திக் கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காராமணி ஊன்றியிருந்தார்கள். முதல் ஆள் மான்சிக். விவசாய ஆபீஸ் ஆள் பார்த்தான், காவல் நிலையத்துக்கு ஓடினான், பதினோரு பேரையும் கயிற்றில் கோத்து இழுத்துப் போனார்கள். நிலையத்து ஜப்பானிய அதிகாரி கேட்க, இன்பே மொழிபெயர்க்க, விசாரணை நடந்த கதையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அந்த நிலைமையிலும்.

"உத்தரவு ரத்துன்னு யாருடா சொன்னது?"

"பேப்பர்ல இருந்துச்சுங்க."

"எந்த இடத்துல?"

"இல்லாத இடத்துலங்க."

அதற்கு மான்சிக்குக்கு ஒரு பல் போயிற்று. சொன்னவன் பேரைக் கொடுக்காவிட்டால் எல்லாரையும் ஜில்லாச் சிறைக்கு அனுப்புவதாக அதிகாரி கெடு வைத்தார். அவர்கள் யார் பேரைச் சொல்வார்கள்? உண்மையிலேயே யாரும் சொல்லவில்லையே. சங்மோக்கையும் ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் ஒன்றும் வாசிக்கவில்லை என்றார். கதவோரம் நின்று பார்த்த இன்பேயும் ஆமாம், ஒன்றும் வாசிக்கவில்லை என்றார். அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியதுதான் வினையாகப் போயிற்று. பதினோரு பேர் உள்ளே, சங்மோக் மட்டும் வெளியே. கிணற்றடியில் புன்ரேயின் காதில் விழும்படியே பேசினார்கள்.

"ஒன் தம்பி உள்ள கெடக்கான், ஒன் வீட்டுக்காரர் மட்டும் எப்படிடீ வெளிய வந்தாரு?"

அவள் பாதி நிரம்பிய பானையோடேயே வீட்டுக்கு வந்து, புருஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சில நாள் கழித்து வந்த கட்டோடு சியோலிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. தலைமை அலுவலகத்து விளம்பரப் பிரிவு அனுப்பியது. சென்ற வாரம் வயிற்று மருந்து விளம்பரத்தின் அச்சுக்கட்டை உடைந்துபோனதால் இரண்டாம் பக்கத்தில் இடம் வெற்றாகப் போய்விட்டது, கிளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான்கு வரி. சங்மோக் சீட்டை முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொறியோ என்று கூட நினைத்தார். ஆனால் அந்தக் கட்டத்தை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரே.

சீட்டைக் காட்டினால் பதினோரு பேரும் வெளியே வரலாம். காட்டினால், காவல் நிலையத்துக்குத் தானாக நடந்து போனவன் என்ற பேரும் வரும். இரண்டு நாள் அதை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் காலை, தம்பிக்குக் கொடுக்கப் பார்லிச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த புன்ரேயின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, "நானே கொண்டு போறேன்," என்றார்.

அதிகாரி முதலில் நம்பவில்லை. அவரும் சந்தேகப் பிராணிதான், சம்பளம் வாங்குகிற சந்தேகப் பிராணி. ஜில்லாவுக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். இன்பே போய் அடித்துவிட்டு, சாயங்காலம் பதிலோடு வந்தார். அந்தத் தேதியில் அந்தப் பக்கத்தில் தணிக்கை எதையும் நீக்கவில்லை. அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

இன்பே மொழிபெயர்த்தார். "எல்லாரையும் விட்டுடலாமாம். திரும்பப் பருத்தி ஊனணும். அதுமட்டுமில்ல, அடுத்த சந்தைல நீ எல்லார் முன்னாடியும் நின்னு, அது வயித்து மருந்து விளம்பரம்னு உன் வாயால சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"நீங்க நிக்க வேணாங்க ஐயா. நானே சொல்லிடறேன்."

இன்பே அதை மொழிபெயர்க்கவே இல்லை.

சந்தையன்று கள்ளுக்கடையில் இடம் இல்லாமல் தெருவரை ஆள் நின்றது. பக்கத்தில் வாளோடு இன்பே. சங்மோக் எழுந்து சொன்னார். அது விளம்பரம், வயிற்று மருந்து, சுற்றிலும் கட்டம் இருந்தது, நான் அன்றே பார்த்தேன், பார்த்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன், தப்பு என் மேல்தான். ஒரு வார்த்தை விடாமல் உண்மை. வாழ்நாளில் அவ்வளவு உண்மையை அவர் ஒரே மூச்சில் பேசியதில்லை.

பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. "வயித்து மருந்தா? நல்லா செரிக்கும்யா ஒனக்கு." சிலர் சிரித்தார்கள். கோசாங் அக்கா அவர் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்துக் கழுவக் கொண்டுபோனாள். அதில் பாதிக் கள் மிச்சம் இருந்தது.

அன்று மாலை மான்சிக் வீட்டுக்கு வந்தான். வாய் வீங்கியிருந்தது. உட்காரும்போது முதுகு சுவரில் படாமல் பார்த்துக்கொண்டான்.

"மாமா, எங்கள வெளிய எடுக்கத்தான் அப்படிச் சொன்னீங்க. எனக்குத் தெரியும். ஊர்ல நான் அப்படித்தான் சொல்லிட்டு வர்றேன். ஆனா வீட்டுக்குள்ளயாவது சொல்லுங்க, என்ன இருந்துச்சு அதுல?"

"விளம்பரம் மாப்ள. சத்தியமா."

மான்சிக் அக்காவைப் பார்த்தான். புன்ரே அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கிட்டயும் அதத்தான் சொல்றாரு."

அவன் சாப்பிடாமல் போய்விட்டான். சங்மோக் அந்தப் பழைய தாளை எடுத்து மனைவிக்கு முன்னால் விரித்து, கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கட்டம் அவளுக்கு என்ன சொல்லும்? பார்த்தாள், தலையாட்டினாள், எழுந்து போனாள்.

அடுத்த சந்தைக்கும் சங்மோக் பேப்பரோடு போனார். கோசாங் அக்கா உட்காராதே என்று சொல்லவில்லை. கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த நாற்றுக் கடை ஓரம் போய் நின்றுகொண்டார்கள். மிஞ்சியது கதவோரம் இன்பே மட்டும். பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். சங்மோக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளை விரித்து, வெறும் கடைக்கு உரக்க வாசித்தார்.

மூன்றாம் பக்கத்தில் வெள்ளை வந்தது. கட்டம் இல்லை, ஈயக் கறை நிறைய இருந்தது. இது அசல். அவர் வாயை மூடிக்கொண்டு கண்ணை ஓட்டினார். வழக்கம் போல ஈ சத்தம் கேட்டது. இன்பே திரும்பிக் கடைக்குள் பார்த்தார். பார்க்க முகம் ஒன்றும் இல்லை. மெல்ல உள்ளே வந்து, வாளை ஒதுக்கிக்கொண்டு, சங்மோக்குக்கு எதிரில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே," என்றார். குரல் பாதி காற்றாக வந்தது. "எங்கப்பா மலைக்கு அந்தப்பக்கம் மேட்டு நெலத்துலதான் வெவசாயம் பண்றாரு. அவரும் பருத்திதான் போட்டிருக்காரு. கேட்டு அனுப்பியிருக்காரு. அன்னிக்கு அதுல நெசமா என்னதான் இருந்துச்சு?"

சங்மோக் அவரையே பார்த்தார். "தந்திய நீங்கதானய்யா அடிச்சீங்க."

"நான்தான் அடிச்சேன். பதிலையும் நான்தான் வாங்கினேன்." இன்பே கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "என்னைய மாதிரி ஆளுக்கு வர்ற தந்தில எல்லாத்தையும் சொல்லிருவாங்களா அண்ணே?"

"வயித்து மருந்து," என்றார் சங்மோக்.

இன்பே எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"பரவால்ல," என்றார். "இந்தச் சட்டயப் போட்டுக்கிட்டு ஒருத்தன் கேட்டா நானும்தான் சொல்லமாட்டேன்."

அவர் கதவோரம் போய் நின்றுகொண்டார். சங்மோக் தாளின் வெள்ளையில் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மிச்ச வரிகளுக்கும் கண்ணை ஓட்டினார்.